உடல் நம்முடையது, ஆய்வுக் கேள்வி யாருடையது?

காலனியில் ஒரு பிள்ளை எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிட்டால் முக்கில் பேனர் வைக்கிறோம். அண்ணல் படம், பிள்ளையின் படம், கீழே இளைஞர் மன்றத்தின் பெயர். வைக்க வேண்டியதுதான். ஐந்தரை ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை மேற்கொண்டு படிக்கப் போகிறேன் என்றால், "அதான் டாக்டர் ஆயாச்சே, இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கிறோம். மருத்துவத் துறையில் யார் சொல் எடுபடும், யாருடைய நோய் கவனிக்கப்படும் என்பதெல்லாம் அந்த மேற்படிப்பில்தான் முடிவாகிறது. அதனால் இந்த வாரம் முதுநிலை மருத்துவப் படிப்பைப் பற்றியும், அதற்குள் இருக்கும் ஆய்வுப் பயிற்சியைப் பற்றியும் பேசுவோம்.

மூன்றாண்டும் ஓர் ஆய்வேடும்

எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடித்தவர்கள் முதுநிலை நீட் எழுதி எம்.டி. அல்லது எம்.எஸ். சேர்கிறார்கள். பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம், அறுவை சிகிச்சை, மனநலம், தோல் என்று ஏதாவது ஒரு துறை. மூன்றாண்டுகள் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் நடுராத்திரி இரண்டு மணிக்கு நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கிறவர் பெரும்பாலும் ஒரு முதுநிலை மாணவர்தான்.

இந்த மூன்றாண்டுக்குள் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். தலைப்பு முடிவு செய்து, வழிகாட்டிப் பேராசிரியரின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்று, நோயாளிகளிடம் தகவல் சேகரித்து, இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைக்க வேண்டும். ஆய்வேடு இல்லாமல் தேர்வு எழுத முடியாது. 2014-ல் நாடு முழுவதும் சுமார் 31,000 முதுநிலை இடங்கள் இருந்தன. பத்தாண்டுகளில் அது 70,000-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் ஆண்டுதோறும் பல்லாயிரம் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி கட்டுப்போட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது.

எம்.டி., எம்.எஸ். முடித்தவர்தான் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகிறார். ஆசிரியரானவர்தான் பின்னாளில் வழிகாட்டியாகவும் தேர்வாளராகவும் துறைத் தலைவராகவும் ஆகிறார். எந்த நோயை ஆராய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது, எந்த மாணவரைத் தேர்ச்சி பெற வைப்பது என்று சொல்பவர்கள் அவர்களே. எம்.பி.பி.எஸ். வாசலோடு நம் பிள்ளைகள் நின்றுவிட்டால் இந்த வரிசை முழுக்க நம்மை விட்டுப் போய்விடும்.

ஏழையின் நோயும் உலகின் பாடமும்

அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் யார்? கூலித் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், சிறு விவசாயிகள், பழங்குடிகள். முதுநிலை மாணவர் படிப்பது நம் உடலைப் பார்த்துத்தான். ஆய்வேட்டில் இருக்கும் எண்களும் நம் ரத்தத்தின், நம் மூச்சின் எண்கள்தான். ஆனால் கேள்வியை நாம் கேட்பதில்லை.

கேள்வி சரியாக இருந்தால் ஏழையின் நோயிலிருந்து உலகமே பாடம் கற்கும். சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தைப் பிரிந்து, சானடோரியத்தில் பல மாதம் படுக்க வேண்டும். தினக்கூலிக்காரன் எங்கே போய்ப் படுப்பான்? அந்த மையம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு அவர்கள் வாழ்ந்த நெரிசலான வீடுகளிலேயே மாத்திரை மருந்து. வீட்டில் நல்ல சாப்பாடு இல்லை, ஓய்வும் இல்லை. அப்படியிருந்தும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்தச் சென்னை ஆய்வு முக்கியக் காரணம். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோமே, அதற்குப் பின்னால் சென்னைக் குடிசைப்பகுதி மக்களின் உடல் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்றில் ஆயிரக்கணக்கான சிறுமிகள் சேர்க்கப்பட்டார்கள். நிறையப் பேர் பழங்குடி மாணவிகள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களே போட்டார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உயிர் காக்கும் தடுப்பூசி. நம் பெண் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். தவறு ஒப்புதல் பெற்ற விதத்தில் இருந்தது. ஏழை, பழங்குடி, விடுதிப் பிள்ளை என்றால் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இருந்தது.

மஹாட் சொல்லும் பாடம்

மகாராஷ்டிரத்தின் மஹாட் என்றதும் நமக்கு 1927 மார்ச் 20 நினைவுக்கு வரும். அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த ஊர். அந்த வட்டாரத்தில் இன்னொரு வேலையும் நடந்தது.

கொங்கணப் பகுதியில் செந்தேள் அதிகம். வயலில், விறகுக் கட்டில், குடிசைச் சுவரில் கொட்டும். கொட்டுப்பட்டு நுரையீரலில் நீர் கோத்துச் சாகிறவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்களும் குழந்தைகளும். 1970-களில் அங்கே பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் மருத்துவர் போனார். ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கூலி வேலை செய்து படித்தவர். தேள்கடி பற்றிப் பாடப்புத்தகத்தில் உருப்படியாக எதுவும் இல்லை. பெரிய நகரத்துப் பேராசிரியர்கள் தேள்கடி நோயாளியைப் பார்த்ததில்லை. பவாஸ்கர் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். பிறகு புணேயில் எம்.டி. படித்தார். படித்து முடித்துப் பட்டணத்தில் தங்காமல் மறுபடி மஹாட் பக்கமே வந்தார்.

பிரசோசின் என்று ஒரு மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது, விலை மலிவு. தேள் விஷத்தால் இதயத்துக்கு ஏற்படும் கேட்டை அது தடுக்கும் என்று கண்டுபிடித்தார். உலகப் புகழ் பெற்ற லான்செட் மருத்துவ இதழ் அவர் ஆய்வை வெளியிட்டது. கடுமையாகக் கொட்டுப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அது ஒன்றிரண்டாகக் குறைந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கிராமத்து ஆஸ்பத்திரியில் ஆய்வு நடக்காது என்கிறவர்களுக்கு இது பதில். குடிசையில் படுத்தெழுந்த அனுபவம் உள்ளவருக்குத்தான் குடிசைக்காரனின் நோய் கேள்வியாகத் தோன்றுகிறது. அதே நேரம் அந்தக் கேள்விக்கு விடை தேட முறையான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிதான் முதுநிலைப் படிப்பு தர வேண்டியது.

நம் பக்கத்தில் கேள்விக்கா பஞ்சம்? கல் குவாரியில் வேலை செய்பவர்களின் நுரையீரல். தோல் தொழிற்சாலையில் ரசாயனத்தில் நிற்கிறவர்களின் கால். சாக்கடைக்குள் இறக்கிவிடப்படும் தொழிலாளியின் மூச்சு. வெயிலில் நாள் முழுக்க நடவு நடும் பெண்கள், ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்களே, அவர்களின் சிறுநீரகம். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் நேரில் போய் ஆய்வு செய்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்களில் ஒரு பெரும்பகுதியினருக்குச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லை என்று தெரியவந்தது. வெயிலில் உழைப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் அதிலிருந்து வலுக்கிறது. இப்படிப்பட்ட ஆய்வுகள் நூறு வேண்டும்.

"அம்மா கையப் பாத்துதான்"

எனக்குத் தெரிந்த ஒரு பெண், அரசுக் கல்லூரி ஒன்றில் தோல் மருத்துவம் படித்தவர். தாயார் பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"எங்கம்மா கையப் பாத்துதான் தோழர் நான் தோல் துறையே எடுத்தேன். பிளீச்சிங் பவுடர் பட்டுப் பட்டு வெடிச்சிருக்கும். கையில சோறு பிசையக்கூட முடியாது. தூய்மைப் பணியாளர்களோட கை, கால் புண்ணத்தான் ஆய்வேடாப் பண்ணணும்னு எழுதிக் கொடுத்தேன். 'நீ எப்பம்மா வார்டை விட்டு வெளிய போயி இவங்களையெல்லாம் பாப்ப? ஓ.பி.யில இருக்கிற ரெக்கார்டை வச்சு ஒரு தலைப்பு எடு, சீக்கிரம் முடிச்சிரலாம்'னு சொல்லிட்டாங்க."

அந்த வழிகாட்டியைக் கெட்டவர் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகள், வகுப்பு, தேர்வு, அறிக்கை. மாணவருக்கு வார்டை விட்டு நகர நேரமில்லை. மூன்றாண்டுக்குள் முடித்தாக வேண்டும். அதனால் பழைய கோப்பிலிருந்து எடுக்க முடிகிற தலைப்புகளே ஓடுகின்றன. ஆய்வு என்பது சடங்காகிவிடுகிறது. யாருக்கு அதனால் இழப்பு? பணக்காரரின் நோய்க்கு மருந்து கம்பெனிகள் ஆய்வு செய்யும். தூய்மைப் பணியாளரின் கைக்கு எந்தக் கம்பெனி செய்யும்?

வாசலில் என்ன நடக்கிறது?

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதிப் பாதி மாநில ஒதுக்கீடு. 1980-களில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான அகில இந்திய ஒதுக்கீட்டில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்தது 2007-ல்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த இடங்களில் நமக்குப் பங்கே இல்லை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் வந்தது 2021-22 கல்வியாண்டில்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு மாநில இடங்களுக்கு மட்டுமே. அதில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம்; அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. அகில இந்தியப் பாதிக்குப் போனால் 18 என்பது 15 ஆகிறது. அருந்ததியர் உள் ஒதுக்கீடு அங்கே கிடையாது. பழங்குடியினருக்கு மட்டும் மாநிலத்தில் 1 சதவீதமாக இருப்பது அங்கே 7.5 ஆகிறது.

அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத இடங்கள் நமக்கு மிக முக்கியம். முதல் தலைமுறை மருத்துவர் கடனை அடைக்க, தம்பி தங்கையைப் படிக்க வைக்க, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். கோச்சிங் போய் உட்கார்ந்து இரண்டு வருடம் படிக்க அவருக்கு வசதி இல்லை. வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புக்குப் போகிற வழி இதுதான். 2016-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக 2017-ல் இந்த ஒதுக்கீடு தமிழ்நாட்டில் நின்றுபோனது. அரசு மருத்துவர்கள் போராடினார்கள், வழக்கு நடத்தினார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தானாக வந்ததல்ல, போராடிப் பெற்றது.

2025 ஜனவரியில் வேறொரு தீர்ப்பு வந்தது. முதுநிலை மருத்துவப் படிப்பில் இருப்பிட அடிப்படையில் இடம் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில இடங்களின் எதிர்காலம் என்ன என்பதை நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். இதய அறுவை, நரம்பியல் போன்ற உயர் சிறப்புப் படிப்புகளிலோ, 1999-ல் வந்த ஒரு தீர்ப்பால் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடே கிடையாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் முதுநிலை இடங்களிலும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு இல்லை. அங்கே கட்டணம் லட்சங்களில். கேட்டாலே தலை சுற்றும்.

தகுதி என்னும் பேச்சு

நம் பிள்ளை குறைந்த மதிப்பெண்ணில் உள்ளே வந்துவிட்டது என்று காலம்காலமாகப் பேசுகிறார்கள். 2023-ல் என்ன நடந்தது தெரியுமா? முதுநிலை நீட் தகுதி அளவை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜிய பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். தேர்வு எழுதிய யாரும் கலந்தாய்வுக்குப் போகலாம் என்று ஆனது. காலி இடங்கள் வீணாகக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். காலி இடங்களில் கணிசமானவை கட்டணம் கட்ட ஆள் கிடைக்காத தனியார் இடங்கள். பணம் உள்ளவருக்காக அளவு இறங்கும்போது தகுதி போய்விட்டதே என்று யாரும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விவாதிக்கவில்லை. தேர்வு மதிப்பெண் மட்டுமே தகுதி ஆகாது, சமூகப் பின்னணியோடு சேர்த்தே தகுதியைப் பார்க்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் பதில் சொல்ல உதவும்.

உள்ளே போன பிறகு

இடம் கிடைத்ததோடு கதை முடியவில்லை. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றிச் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007-ல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்கள் ஒதுக்குவது, செய்முறைத் தேர்வில் பாரபட்சம், விடுதியில் தனித்து விடப்படுவது என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. எய்ம்ஸ் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாதது பற்றி, "தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்ற வழக்கமான பதிலை ஏற்க முடியாது என்று நாடாளுமன்றத்தின் பட்டியல் சாதி, பழங்குடியினர் நலக்குழுவும் சொன்னது.

2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி இறந்தார். ஜல்காவ் மாவட்டத்தின் தட்வி பில் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்து மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். மூத்த மாணவிகள் மூவர் சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக வழக்கு. கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க உருப்படியான ஏற்பாடு வேண்டும் என்று அவருடைய தாய் ஆபிதா தட்வியும், ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் சேர்ந்து அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டு தாய்மார்கள் கேட்டது தங்கள் பிள்ளைக்காக மட்டும் அல்ல.

முதுநிலைப் படிப்பில் மூத்தவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த அறுவை சிகிச்சையில் உதவிக்கு நிற்பது, யாருக்கு எத்தனை இரவுப் பணி, யாருக்கு விடுப்பு என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். பயிற்சி மருத்துவர்களிடம் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு. "நியாயமான நேரம்" வேலை, வார விடுமுறை, ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளும் சொல்கின்றன. நடைமுறையில் 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று ஓடுகிறது. எல்லாச் சாதி மாணவர்களும் இதில் நசுங்குகிறார்கள். ஆனால் சொல்லி அழ ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவர் முதலில் உடைகிறார்.

செய்ய வேண்டியவை

மருத்துவக் கல்லூரிகளிலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் நாம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஆய்வேட்டுத் தலைப்புகளை ஆண்டுதோறும் வெளியிடட்டும். எத்தனை தலைப்பு உழைக்கும் மக்களின் நோய் பற்றியது என்று எல்லோரும் பார்க்கலாம். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் காலத்தை அந்தந்த மாவட்டத்து ஆய்வுக்கும் பயன்படுத்தட்டும். நெறிமுறைக் குழுக்களில் மருத்துவர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதியும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நம் பகுதி ஆசிரியர்கள், பணி செய்யும் பெண்கள் உட்காரட்டும். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் எம்.ஏ. படித்தவர்களே இரண்டு முறை வாசித்தால்தான் விளங்குகிற தமிழ் அது. நம் ஆத்தாவுக்கு விளங்கும்படி எழுதட்டும்.

மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில செய்திகள். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் சிறிய ஆய்வு செய்ய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் உதவித்தொகை தந்துவருகிறது. எம்.டி., எம்.எஸ். ஆய்வேட்டுக்கும் அது நிதி தரும் திட்டம் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஆய்வு முறைகளை இணையத்தில் கற்றுத்தருகிறது. முதுநிலை மாணவர்களுக்கு அந்த அடிப்படைப் பாடம் கட்டாயம் என்பதால் முன்பே படித்து வைப்பது நல்லது. கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருக்கிறதா, பாகுபாடு புகாரை வாங்கும் அலுவலர் யார் என்று சேர்ந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். மனம் கனத்தால் 104-க்கோ 14416-க்கோ பேசுங்கள். பேசுவது பலவீனம் அல்ல.

வீட்டாருக்கு ஒன்று. பிள்ளை மூன்று வருடம் இன்னும் படிக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். சம்பளம் போல் மாதா மாதம் உதவித்தொகை வரும். அண்ணல் கொலம்பியாவிலும் லண்டனிலும் செய்தது ஆய்வுதான். ரூபாயைப் பற்றி ஆராய்ந்தார், சாதியைப் பற்றி ஆராய்ந்தார். கேட்கக் கற்றவர் என்பதால்தான் நாட்டையே பதில் சொல்ல வைத்தார்.

அந்தத் தோல் மருத்துவர் இப்போது அரசுப் பணியில் இருக்கிறார். ஓ.பி.யில் தூய்மைப் பணியாளர் யாராவது வந்தால் வேலை, வருடம், புண் எந்த இடத்தில், கையுறை கொடுக்கிறார்களா என்று தனி நோட்டில் எழுதி வைக்கிறாராம். நாற்பது பக்கம் தாண்டிவிட்டது என்றார். அந்த நோட்டு ஆய்வாக வேண்டும். அவருக்குப் பின்னால் வருகிற பிள்ளை, வழிகாட்டியாக உட்கார்ந்திருக்கும் அவரிடமே போய் இந்தத் தலைப்பைக் கேட்க வேண்டும்.